இரண்டு நூல் கனத்தில் ஒரு பலகை

ஆரணியில் பட்டுச் சேலை வேண்டுமென்றால் தடுக்கி விழுந்த இடத்தில் கிடைக்கும். அரிசி வேண்டுமென்றால் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். இரண்டு நூல் கனத்தில் வைரம் பாய்ந்த ஒரு பலகை வேண்டுமென்று துரைக்கண்ணு கேட்டபோது மட்டும் ஊரே அவனை ஏற இறங்கப் பார்த்தது. தச்சர் கணக்கில் எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். அப்படியானால் இரண்டு நூல் என்பது கால் அங்குலம். முதல் மரவாடியிலேயே கணக்குப்பிள்ளை, "பலகையா கேக்கற, அப்பளமா கேக்கற?" என்று சிரித்துவிட்டான்.

சிரிப்பவனுக்கு என்ன தெரியும்? அந்தப் பலகை சனிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் துரைக்கண்ணுவின் பெண்சாதி ஆதிலட்சுமி பெங்களூருக்குப் பஸ் ஏறிவிடுவாள். அன்றைக்குப் புதன்கிழமை.

அவள் கோபித்துக்கொண்டு போன கதையைச் சொன்னால் நீங்களும் அவள் பக்கம்தான் பேசுவீர்கள். ஆரணியை அடுத்த சேவூரில் அவர்கள் வீட்டு முன்கூடம் முழுக்க, குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி. பின்னால் ஓர் ஆள் குனிந்து நிற்கிற அளவுக்குச் சமையல்கட்டு. புருஷன் பெண்சாதி இரண்டே பேர். அவன் பட்டு நெய்வான், அவள் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். அதோடு இருந்திருந்தால் வம்பில்லை. துரைக்கண்ணுவுக்குத் தறியை விட்டு இறங்கினால் கை சும்மா இருக்காது. சுத்தியலையும் ரம்பத்தையும் தேடும். ஒரு ஸ்டூல் செய்தான்; அதன் நான்காவது கால் இன்றுவரை தரையைத் தொட்டதில்லை. கண்ணாடிக்குச் சட்டம் செய்தான். தலை வாரும்போது ஆதிலட்சுமி கழுத்தைச் சாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சோப்பு வைக்க ஒரு பெட்டி செய்தான். அதில் சோப்பைத் தவிர எல்லாம் வைக்கலாம். அவன் செய்தது எதுவும் தலையில் விழுந்து இதுவரை யாரும் சாகவில்லை. அந்த மட்டில் நல்லவன்.

எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் உறை இல்லாத ஒரு பழைய டிரான்சிஸ்டர் அவன் கையில் வந்து சேர்ந்தது. அதற்குப் பெட்டி செய்யாமல் அவனால் தூங்க முடியுமா? மற்றப் பக்கங்களுக்கு எங்கெங்கோ பொறுக்கிய கட்டைகள் ஆயின. முகப்புக்கு மட்டும் மெல்லிய பலகை வேண்டும், கெட்டியாகவும் இருக்க வேண்டும். இரண்டு நாள் அலைந்தான், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆதிலட்சுமி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் கண் சமையல்கட்டுக்குள் போயிற்று. அலமாரியில் அவளுடைய அஞ்சறைப் பெட்டி இருந்தது. கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் என்று ஐந்து அறை. மேலே இரண்டு பக்கமும் வெட்டிய காடிப் பள்ளத்தில் ஓடும் தள்ளுமூடி. மூடி சரியாக இரண்டு நூல் கனம்.

அவள் சர்க்கரைப் பையோடு திரும்பி வந்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மூடியின் நடுவில் குரல் வருவதற்காக ஒரு பெரிய வட்ட ஓட்டை. ஓரத்தில் குமிழுக்காக இன்னும் இரண்டு. துரைக்கண்ணு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அது அவளுடைய அம்மாவின் பெட்டி. அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். மூடியின் ஓரத்தில், தள்ளித் தள்ளி, மஞ்சள் படிந்த ஒரு கட்டைவிரல் தடம் இருக்கும். முதலில் அது அம்மாவின் தடம். பிறகு அதே இடத்தில் ஆதிலட்சுமியும் கட்டைவிரலை வைத்தாள். இப்போது அந்த இடத்தில் குமிழ் இருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். "ஒரு வார்த்த கேட்டியாய்யா?" என்றாள்.

"ஒரு பலகதான ஆதி? வேற ஒண்ணு செஞ்சி குடுத்தா போச்சி."

போச்சு என்றதுதான் தாமதம், அவள் நான்கு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு பெரணமல்லூர் பஸ்ஸைப் பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டியிலிருந்த சாமான்களைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, காலிப் பெட்டியை ரேடியோ மேலேயே கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். அதற்குப் பிறகு ரேடியோவில் மாநிலச் செய்தி வந்தாலும் சீரக வாசனை வந்தது, நாடகம் வந்தாலும் சீரக வாசனை வந்தது. மூன்றாம் நாள் அவன் அதைத் திருகி அணைத்தான். பிறகு போடவேயில்லை.

இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று இருந்தான். பதினொரு நாள் ஆயிற்று. தார் சுற்ற ஆளில்லாமல் தறி பாதி நேரம் நின்றது. அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, இருப்பும் கொள்ளவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தவனைப் புதன்கிழமை காலையில் பெரணமல்லூர் பஸ் கண்டக்டர் சின்னதுரை கூப்பிட்டுச் சேதி சொன்னார்.

"உன் மச்சான் தருமன் பெங்களூர்ல பட்டு மில்லுல கீறான் இல்ல? லீவுக்கு வந்துகீறான். ஞாயித்துக்கிழம அவன் தங்கச்சியவும் இட்டுகினு போறானாம். அங்கயே வேல சொல்லி வெச்சிகீறானாம்."

"ஆதி இன்னா சொல்லிச்சி?"

"மூடி பழையபடி ஆயிருந்தா எடுத்துகினு வரச் சொல்லு, இல்லன்னா நான் போறேன்னு சொல்லிச்சி. இன்னா மூடிப்பா அது? எனக்கு ஒண்ணும் புரியல."

அவர் விசில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெங்களூர் போன பெண் அங்கே கூலி பார்க்கத் தொடங்கினால் எதற்காகத் திரும்பி வருகிறாள்? சேவூரில் அவளுக்கு என்ன இருக்கிறது, ஓட்டை போடுகிற புருஷனைத் தவிர?

அப்படித்தான் அவன் மரவாடியில் அப்பளப் பேச்சு வாங்கியது. அங்கிருந்து நேராக மர அறுவை மில்லுக்கு ஓடினான். மில் முதலாளி சுப்பராயலு மரத்தூள் படிந்த புருவத்தோடு அவன் நீட்டிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு நூலா? எங்க ரம்பம் ஒரு ஓட்டத்துக்கே ரெண்டு நூலத் தின்னுப்புடும். நீ கேக்கற பலகையும் தூளும் ஒரே கனம். அவ்ளோ மெல்லிசு பலகைய மிஷின்ல புடிச்சா என் ஆளு வெரல் போயிடும்."

"ஒரே ஒரு பலக அண்ணாத்த."

"ஒண்ணுக்கும் அதே வெரலுதாம்பா. போ, பேஜார் பண்ணாத."

வியாழக்கிழமை துணிக்கடையில் ஒரு வழி திறந்தது போலிருந்தது. சட்டைத்துணித் தான்கள் மெல்லிய பலகையில் சுற்றித்தானே வருகின்றன? துணி தீர்ந்த பலகை ஒன்றை ரங்கசாமி என்கிற கடைக்காரர் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். அளவு பார்த்தான், கனம் சரி. துரைக்கண்ணு வழியெல்லாம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். வீட்டில் இழைப்புளியைப் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. பஞ்சு மரம். நகத்தால் கீறினால் பள்ளம் விழுந்தது. ஓரத்தைச் சீவிக் காடியில் தள்ளினான். பாதி தூரம் போய், வாயைப் பிளந்துகொண்டு நீளவாக்கில் இரண்டாகப் போயிற்று.

அந்தத் துண்டுகளோடு தச்சாசாரி பொன்னுசாமியின் பட்டறைக்குப் போனான். பொன்னுசாமிக்கு இரண்டு கல்யாணக் கட்டில் வேலை தலைக்கு மேல் நின்றது. அவர் நிமிராமலேயே சொன்னார்.

"பிளைவுட்டு தரேன், போட்டுகினு போ. நேரா நிக்கும், வளையாது."

"வேணாம் ஆசாரி. ஆதி தொட்டதுமே கண்டுபுடிச்சிடும். ஓரத்துல தகடு தகடா தெரியுமே."

"அப்ப உன் பொஞ்சாதிதான் ஆசாரி, நான் வெறும் ஆளு." கோபம் போலச் சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக் காடிக்குள் கட்டைவிரலை ஓட்டினார். முகம் மாறியது. "வேல தெரிஞ்சவன் செஞ்சிகீறான். வேங்க மரம். இத்தோட மூடியப் போயி... சரி வுடு. இந்தக் கனத்துல கடைல எவனும் விக்க மாட்டான்டா. ஒரு அங்குலப் பலக, வேங்கை, நல்லா பழசா ஒண்ணு கொண்டா. நான் கையாலயே பொளந்து தரேன். பச்ச மரத்த மட்டும் கொண்டாராத."

பழைய வேங்கைக்கு எங்கே போவது? வியாழன் பொழுது சாயும்வரை இடித்த வீடுகளின் கதவு நிலை விற்கிற இடமெல்லாம் சுற்றினான். ஒன்று செல் அரித்தது, ஒன்று மூன்று கோட் பெயிண்டுக்கு அடியில் மாமரம். கால் கடுக்க வீடு திரும்பினான்.

வெள்ளிக்கிழமை காலையில் வேறு எதுவும் தோன்றாமல் தறியில் போய் உட்கார்ந்தான். நான்கு இழை போட்டான், ஐந்தாவது அறுந்தது. முடி போட்டான், மறுபடி அறுந்தது. மனம் பெரணமல்லூரில் இருந்தால் இழை எப்படி நிற்கும்? எழுந்துவிடலாம் என்று இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றினான். ஊன்றிய கைக்கு அடியில் பலகை.

குழிக்கரையில் கிடந்த உட்காரும் பலகை அது. அவனுடைய அப்பா குழி தோண்டிய அன்றைக்கு எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட வேங்கைப் பலகை. ஓர் அங்குலக் கனம், ஒன்பது அங்குல அகலம். இருபத்திரண்டு வருஷமாக அப்பாவும் அவனும் மாறி மாறி உட்கார்ந்ததில் மேல்பக்கம் சந்தனக்கல் மாதிரி வழுவழுத்திருந்தது. அதில் உட்கார்ந்தால் இடுப்பு தானாக நிமிரும். வேறு எதில் உட்கார்ந்தாலும் அவனுக்கு நெசவு வராது. வலது ஓரத்தில் கால் ரூபாய் அகலத்துக்கு ஒரு கரிய சூடு. கல்யாணமான முதல் தீபாவளிக்கு ஆதிலட்சுமி விளக்கைத் தவறவிட்ட இடம். அதற்காக அவளை ஒரு வாரம் திட்டித் தீர்த்தான். நெருப்புப் பட்டதற்கு ஒரு வாரம்.

அது இப்போது ஞாபகம் வந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. தனியாக உட்கார்ந்திருந்தும் தலையைத் தூக்க முடியவில்லை. கல்யாணமான நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் இடத்தில் நின்று அந்த மூடியைப் பார்த்தான். பிறகு பலகையைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தான்.

பொன்னுசாமி பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "எதுல ஒக்காந்து நெய்வ?"

"அத்த அப்புறம் பாத்துக்கலாம் ஆசாரி. ஜல்தியா புடிங்க."

ஆசாரி ஒரு முனை, அவன் ஒரு முனை. பெரிய ரம்பத்தை மெல்ல இழுத்து, பலகையைக் கனத்தின் நடுவாகப் பிளந்தார்கள். வேங்கை லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. மத்தியானச் சோற்று நேரம் தாண்டிய பிறகுதான் பலகை புத்தகம்போல இரண்டாகத் திறந்தது. சூடு பட்ட பாதியை எடுத்து, புதிதாக அறுத்த உள்பக்கத்தை மட்டும் இழைத்து இழைத்து இரண்டு நூலுக்குக் கொண்டுவந்தார். வழுவழுத்த மேல்பக்கத்தை ஆசாரி தொடவில்லை.

"இத்த கேட்டுக்கோ. இருவது வருஷம் தறிக்குழி ஓரத்துல கெடந்த மரம். வெளிய பாத்தா காஞ்ச மாதிரி தெரியும், உள்ள குளிர்ச்சி கீது. ரெண்டு வாரம் காத்தாட நெழல்ல போட்டு, மேல கல்லு வெச்சி ஆற வுடு. அப்புறம் மூடி செய்."

"ரெண்டு வாரமா? நாள கழிச்சி ஆதி பெங்களூர்ல இருக்கும்."

"மரத்துக்கு உன் சண்டையெல்லாம் தெரியாது."

சொன்னதில் பாதி அவன் காதில் ஏறியது. அந்தப் பாதியையும் அவன் நெசவுக்காரன் புத்தியில் புரிந்துகொண்டான். கத்திரி வெயில் காலத்தில் தறி வீட்டில் என்ன செய்வார்கள்? வெயிலும் காற்றும் பட்டால் பட்டு இழை சுக்குச் சுக்காக அறும். ஜன்னலைச் சாத்தி, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, குழிக்குள் தண்ணீர் தெளித்து வீட்டைக் குளிர்ச்சியாக வைப்பார்கள். பட்டுக்கு நல்லது பலகைக்கும் நல்லதுதானே? தறிக்கு அடியில் பலகையைப் போட்டு, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தான். சனிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தான். இம்மி வளையவில்லை.

"ஆசாரி பயமுறுத்திட்டாரு!" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டான். அந்தக் குளிர்ந்த கூடத்திலேயே உட்கார்ந்து அளந்தான், சீவினான், ஓரத்தைத் தேய்த்தான். பிறந்ததிலிருந்து அவ்வளவு நிதானமாக அவன் எதையும் செய்ததில்லை. கடைசியில் காடியில் வைத்துத் தள்ளினான். மூடி சத்தமில்லாமல் ஓடிப்போய் அந்தக் கோடியில் மெல்ல முட்டி நின்றது. இழுத்தான், வந்தது. தள்ளினான், போனது. இருபது தடவையாவது திறந்து மூடியிருப்பான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் செய்த பொருள் ஒன்று நேராக இருந்தது.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. வழியில் நழுவி விழுந்துவிடப் போகிறதே என்று மூடியைத் தனியாகத் தினத்தாளில் சுற்றி, அதன் மேல் பெட்டியை வைத்துப் பை கட்டியிருந்தான். கூட்டத்தில் நசுங்கிவிடுமோ என்று அவன் படும் பாட்டைப் பார்த்த டிரைவர், "இங்க குடு" என்று வாங்கித் தன் பக்கத்து எஞ்சின் மூடி மேல் வைத்துக்கொண்டார். துரைக்கண்ணு அவரை மனசார வாழ்த்தினான். பெரணமல்லூர் வரும்வரை இங்கே ஒருவரை ஏற்றி, அங்கே ஒரு ஆட்டை இறக்கி, பஸ் ஒன்றேகால் மணி நேரம் உறுமிக்கொண்டே போயிற்று. பை அவ்வளவு நேரமும் அந்தத் தகர அடுப்பின் மேலேயே இருந்தது.

தருமன் வீட்டில் பெங்களூர்ப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "வா மாப்ள" என்றான். அதில் வரவேற்பு கொஞ்சம்தான் இருந்தது. ஆதிலட்சுமி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். பதினான்கு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. துரைக்கண்ணு தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. "மூடி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தினத்தாளைப் பிரித்தான்.

காகிதம் சூடாக இருந்தது. மூடியைக் காடியில் வைத்துத் தள்ளினான். ஒரு விரற்கடை போய் நின்றுவிட்டது. சரியாக வைக்கவில்லை போலும் என்று எடுத்துத் திருப்பி வைத்தான். போகவில்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். காலையில் கோடு கிழித்த மாதிரி இருந்த பலகை, உள்ளங்கை மாதிரி குழிந்திருந்தது.

"காலைல போச்சி ஆதி. சத்தியமா போச்சி. இருவது வாட்டி போட்டுப் பாத்தேன்." அழுத்தித் தள்ளினான்.

தருமன் சிரித்தான். "உன் வேல என்னிக்குய்யா நேரா இருந்துகீது? ஆதி, துணி எடுத்து வெய்யி. விடிகாலம் அஞ்சு மணிக்குப் பஸ்."

துரைக்கண்ணு தரையில் உட்காரப் போனான். இடுப்பு மடங்கவில்லை. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு நின்றுபோன சேலையை முடித்துவிடலாமென்று மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்து நெய்து பார்த்ததன் பலன். சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மெல்ல இறங்கினான். ஆதிலட்சுமி அதைப் பார்த்தாள்.

அவள் வந்து அவன் கையிலிருந்த மூடியை வாங்கினாள். வழுவழுத்த பக்கத்தைத் தடவிக்கொண்டே போன விரல் ஓரத்தில் நின்றது. கால் ரூபாய் அகலத்துக்குக் கரிய சூடு. அவளுக்குத் தெரியாத சூடா அது?

"எதுல ஒக்காந்து நெய்யற?"

"சாக்கு மேல."

"இத்தப் போயி அறுத்தியா?"

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே முகத்தில் இருந்தன. மூடியை மோந்து பார்த்தாள், குழிந்த பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "எங்க வெச்சி செஞ்ச?"

"தறி வீட்லதான். சாக்கு நனைச்சி போட்டுகினு."

"பஸ்ல வர சொல்ல எங்க வெச்ச?"

"டிரைவரு எஞ்சின் மேல..." சொல்லும்போதே அவனுக்கும் புரிந்துவிட்டது. எஞ்சின் சூட்டில் உள் ஈரம் காய்ந்துதான் பலகை குழிந்திருக்கிறது.

ஆதிலட்சுமி உள்ளே போனாள். பானையில் துண்டை முக்கிப் பிழிந்து எடுத்துவந்து, குழந்தையைச் சுற்றுகிற மாதிரி மூடியைச் சுற்றினாள். பிறகு கொடியிலிருந்த தன் சேலைகளை ஒவ்வொன்றாக உருவி மடித்தாள். தருமன் தன் பெட்டிக் கயிற்றைத் தளர்த்தி இடம் ஒதுக்கினான்.

"அதுல எடம் வேணாம் அண்ணா," என்றாள். "இந்த மூடி இங்க மூடாது. பெங்களூர்லயும் மூடாது. குளிர்ச்சில வளந்தது. சேவூர்ல தறி வீட்ல போட்டாதான் மறுபடி நேராவும்."

"ஒரு பலகைக்காகவா இவ்வளவு?" என்றான் தருமன்.

"ஆமா," என்றாள் அவள். "ஒரு பலகதான்."

துரைக்கண்ணு சுவரைப் பிடித்து எழுந்தான். அஞ்சறைப் பெட்டியின் பக்கம் கையைக் கொண்டுபோனவன், தொடாமல் பாதியில் நிறுத்தினான். அவளைப் பார்த்தான்.

"ஆதி, பெட்டிய நான் தூக்கிகினு வரட்டுமா?"

நான்கு வருஷத்தில் எதையாவது செய்யுமுன் அவன் அவளை ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஈரத்துணி சுற்றிய மூடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"தூக்கிக்க," என்றாள். "மூடிய நான் வெச்சிக்கறேன்."